எந்தப் பனி

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் எந்திரம்
இரவு பதினொன்றுக்குத்தான் சூடு பிடிக்கும்.
மூட்டைக் கணக்கு எழுதும் தகரக் கொட்டகையில்
ஹீட்டருக்குப் பக்கத்தில் கால். மேசையில்
கலைக்களஞ்சியம், தொகுதி ஒன்பது, பதிவு இருநூற்றுப் பதினான்கு.
எழுநூறு ஆண்டுக்கு முந்திய பாரசீகக் கவி.
தொகுதி வெளிவரும்வரை பெயர் சொல்லக்கூடாது என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
மதிப்பீட்டுக்கு நானூறு ரூபாய், அதுவும் அச்சான பிறகு.

பிறந்த ஆண்டு தெரியவில்லை. இறந்த ஆண்டு இரண்டு.
கல்லறை மூன்று ஊர்களில்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
ஒரு கல்லறையாவது குறைக்க முடியுமா?
பிறகு அழித்தேன். மூன்று ஊர்க்காரர்களும்
பூ வாங்கிப்போகிறார்கள், குறைக்க நான் யார்.

எழுதியவர் பெயரையும் மறைத்துத்தான் அனுப்புவார்கள்.
ஆனால் பாலையில் அடிக்கும் காற்றுக்குக்
கச்சான் என்று பெயர் வைத்திருக்கிறார்.
கடற்கரை ஆள். காயல்பட்டினமோ கீழக்கரையோ.
ஆணா பெண்ணா என்பது மட்டும்
'கட்டுரையாளர்' என்ற சொல்லின் போர்வைக்குள்.

முதல் பக்கத்தின் கடைசி வரி:
'கவி பனியில் இறந்துகிடந்தார்.'

எந்தப் பனி?
கடற்கரையில் பனி என்றால் தொண்டைக்கட்டு,
மார்கழியில் காதைச் சுற்றும் மஃப்ளர்.
அதில் யாரும் சாகமாட்டார்கள்.
எங்களுக்கு நீர்ப்பனி வேறு, உறைபனி வேறு.
நீர்ப்பனி நவம்பரில் வந்து எச்சரித்துவிட்டுப் போகும்.
உறைபனி உருளைக்கிழங்குச் செடியை ஒரே ராத்திரியில்
வெந்நீர் ஊற்றினது போல் கருக்கும்.
மூலத்தில் உள்ள சொல் இரண்டும் இல்லை.
வானத்திலிருந்து விழுந்து முழங்கால்வரை நிற்பது.
அதை நானும் பார்த்ததில்லை.
தலைகுந்தாப் புல்மேல் ஏழரை மணிவரை
உப்புத் தூவினது போல் கிடக்குமே,
'மதிப்பீட்டாளரின் தகுதி' என்ற கட்டத்தில்
அதுவரைதான் நான் நிரப்பலாம்.
அலிகாரில் பாதியில் விட்ட ஆராய்ச்சியையும் சேர்த்தால்
இன்னும் ஒரு விரற்கடை.

பெள்ளன் கதவைத் தள்ளி, 'அக்கா, நூத்தெட்டு மூட்டை' என்றான்.
கவியின் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்.
நூற்றெட்டு. அடிக்க வேண்டும்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு காதல் கவிதை, தமிழாக்கத்தோடு:
'நள்ளிரவில் வந்தாள், விளக்கை அணைத்தாள்.'
மூலத்தில் அவளும் இல்லை, அவனும் இல்லை.
இருவருக்கும் பாரசீகத்தில் ஒரே சின்னச் சொல்,
அதில் இரண்டு பேர் தாராளமாக ஒளியலாம்.
தமிழில் வாசலைத் தாண்டும் முன்பே
வினைமுற்று ஊரைக் கூட்டிவிடும்.
'வந்தார்' என்று திருத்திப் பார்த்தேன்.
நள்ளிரவில் வந்தார், விளக்கை அணைத்தார்.
மின்வாரிய ஆள் போலிருந்தது.
'வந்தது' என்றால் காட்டெருமை.
'நள்ளிரவு வரவு' என்றால் என் பேரேடு.

இந்தச் சிக்கல் எனக்குப் புதிதல்ல.
பதினோரு வருடமாக ஒருவரைப் பற்றி
வினைமுற்று இல்லாமல் பேசிவருகிறேன்.
அம்மா போனில் கேட்டால்:
சாப்பாடு ஆச்சு. மேட்டுப்பாளையத்துக்கு லோடு.
திரும்பி வர எப்படியும் மூணு மணி.
காய்ச்சல் தேவலை.
யாருக்கு என்று கேட்டதில்லை.
அம்மாவுக்குப் பாரசீகம் தெரியாது.

இரண்டரைக்கு எந்திரம் நின்றது.
ரப்பர் குழாய்க்குள் தண்ணீர் இறுகத் தொடங்கியிருந்தது.
படிவத்தில் எழுதினேன்:
கல்லறைகள் மூன்றும் இருக்கட்டும்.
கச்சான், நிலவியல்படி தவறு. ஆனால் வீசுகிறது. விட்டுவிடவும்.
'வந்தாள்' என்பதற்குச் சான்று இல்லை.
'வந்தான்' என்பதற்கும் இல்லை.
கட்டுரையாளர் விரும்பினால் மௌனம் காக்கலாம்,
எப்படி என்று கண்டுபிடித்தால் எனக்கும் எழுதவும்.

பனிக்கு எதிரே போட்ட கேள்விக்குறி
அப்படியே நின்றது.
வெளியே லாரி. முன்கண்ணாடியில் படிந்ததைப்
பழைய ரேஷன் அட்டையால் சுரண்டும் சத்தம்.
மூன்று மணிக்கு வரவு.
விளக்கணைப்பு.